கற்றல் குறைபாடு இருந்தால் அரசு வேலையில் இடஒதுக்கீடு உண்டா?

உண்டு. ஆனால் பல குடும்பங்களில், பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கிக்கொடுத்ததோடு கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். படிப்புச் சலுகைக்கான காகிதம் என்று நினைத்துவிடுவதுதான் காரணம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் தேவை அதிகம்.

1995-ம் ஆண்டின் பழைய சட்டம் வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. பார்வை, செவித்திறன், உடல் இயக்கக் குறைபாடுகளுக்கு மட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதை 4 சதவீதமாக்கியது. கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது இதில்தான். வாசிப்பில் சிக்கல் (டிஸ்லெக்சியா), எழுதுவதில் சிக்கல் (டிஸ்கிராஃபியா), கணக்கில் சிக்கல் (டிஸ்கால்குலியா) எல்லாம் இதில் அடங்கும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று.

சரி, அந்த 4 சதவீதத்தில் இவர்களுக்கு எவ்வளவு? பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் என்ற முதல் மூன்று பிரிவினருக்குத் தலா 1 சதவீதம் போய்விடும். மிச்சமுள்ள 1 சதவீதத்தைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நூறு பணியிடத்துக்கு ஒன்று, அதற்கு இத்தனை பேர் போட்டி. என்னைக் கேட்டால் இது தாராளம் இல்லை. அந்த ஒன்றுக்கும் தகுந்த ஆள் வரவில்லை என்றால் இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் வராவிட்டால் வேறு பிரிவு மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்துவிடலாம் என்று இந்தச் சட்டத்தின் 34-வது பிரிவே சொல்கிறது.

ஒதுக்கீட்டுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று அரசு மருத்துவக் குழு சான்றளித்திருக்க வேண்டும். தனியார் மையத்தின் மதிப்பீட்டு அறிக்கை மட்டும் போதாது. வயது விஷயத்தில் கவனம் தேவை. மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி, 8 வயதுக்குப் பிறகுதான் சான்று தருவார்கள். 14 வயதில் மறுபடியும், 18 வயதில் இன்னொரு முறையும் பரிசோதனை உண்டு. 18-ல் தரும் சான்றுதான் ஆயுளுக்கும் செல்லும். பள்ளியில் வாங்கிய பழைய சான்றை நம்பி இருபது வயதில் விண்ணப்பம் போட்டால் சிக்கல்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (யுடிஐடி) கையோடு பதிந்துவிடுங்கள்.

அப்புறம், எல்லாப் பதவிகளும் எல்லாருக்கும் திறந்திருக்காது. எந்தப் பதவி எந்தக் குறைபாட்டுக்குப் பொருந்தும் என்று அரசு தனியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. மத்திய அரசு வேலை அறிவிப்பில் பதவியின் எதிரே 'எஸ்எல்டி' (கற்றல் குறைபாடு) என்ற சுருக்கெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகுதி இருந்தால் வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு கிடைக்கும். பட்டியலினத்தவருக்கு 15 ஆண்டு. யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி தேர்வுகளுக்குக் கட்டணமும் கிடையாது.

40 சதவீதத்துக்குக் கீழே என்று சான்று வந்தால் ஒதுக்கீடு இல்லை. ஆனால் தேர்வில் நமக்காக எழுத ஆள் (ஸ்கிரைப்) கேட்கும் உரிமை அதோடு போய்விடாது. கை எழுத முடியாமல் இழுத்துக்கொள்ளும் குறைபாட்டோடு குடிமைப்பணித் தேர்வு எழுதிய ஒருவரின் வழக்கில், ஸ்கிரைப் தர 40 சதவீதத்தை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எழுதுவதில் சிரமம் இருப்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம்.

தனியார் நிறுவனங்களில் கட்டாய ஒதுக்கீடு எதுவும் இல்லை. மொத்த ஊழியரில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருந்தால் ஊக்கத்தொகை தரலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்த பிறகு அரசு அலுவலகம் உங்களுக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 20-வது பிரிவு. வாய்மொழியாகச் சொல்லும் வேலையை எழுத்தில் கேட்பது, எழுத்தில் வருவதைக் கணினி படித்துக்காட்டும்படி கேட்பது எல்லாம் இந்த வகையில் வரும். மறுத்தால் அந்த அலுவலகத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கே பலனில்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.