கூழ் குடித்தால் மனச்சோர்வு வராதா?

"கூழு குடிச்சா டிப்ரஷன் வராதாம்க்கா, வாட்ஸ்அப்புல போட்டுக்கீறான்."

"எங்க ஊட்டுக்காரரு தெனம் ரெண்டு சொம்பு குடிக்கிறாரு. அவரு மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொல்லு."

காசிமேட்டுப் பக்கம் காலை நேரத்துக் கூழ் வண்டியில் இப்படி ஒரு வாதம் நடந்தால், இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு; அதில் சந்தேகமில்லை. அந்தத் தொடர்பு எலிகளிடம் எவ்வளவு தூரம் நிரூபணமானது, மனிதர்களிடம் எவ்வளவு என்பதில்தான் வாட்ஸ்அப் கோட்டை விடுகிறது.

நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. மொத்த எடை சுமார் 200 கிராம்தான். அவை ஒட்டி வாழும் குடல் சுவரில் பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பு செல்கள் பின்னிக் கிடக்கின்றன. அங்கிருந்து மூளைத் தண்டு வரை ஓடும் வேகஸ் நரம்பில் சுமார் 80 சதவீத இழைகள் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மூளை போடும் உத்தரவுகள் மீதி இழைகளில் இறங்குகின்றன.

பாக்டீரியா இந்த நரம்பை எப்படித் தொடுகிறது? நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்றுவிட்டு, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை அது வெளிவிடுகிறது. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்து குறைந்து அந்தச் சுவர் பலவீனப்பட்டால், பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. நோய் எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொண்டு சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. டெங்கு காய்ச்சலில் படுத்தவருக்கு யாரோடும் பேசப் பிடிக்காமல், சோறு இறங்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கத் தோன்றுமே, அதில் பெரும்பங்கு சைட்டோகைன்களின் வேலை. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் இதே புரதங்கள் சற்றுக் கூடுதலாக இருக்கின்றன.

அடுத்தது செரட்டோனின். உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் ‘சந்தோஷம் வயிற்றில் சுரக்கிறது’ என்று அதை நீட்டுவது தப்பு. குடலில் சுரக்கும் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. குடலை அசைப்பதும் வேகஸ் நரம்பின் நுனிகளைத் தூண்டுவதும்தான் அதன் வேலை. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது.

இனி எலிகள். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர் 2004இல் கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்துவைத்தார்கள். சாதாரண எலிகளைவிட இவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன்கள் அதிகமாக எகிறின. சிறு வயதிலேயே பாக்டீரியாவைக் கொடுத்தபோது அந்தக் குறை சரியானது. வயது முதிர்ந்த பின் கொடுத்துப் பயனில்லை.

எனக்கு மிகப் பிடித்தது 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரக் குழு செய்த சோதனை. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் வகையில் ஜேபி-1 என்ற பாக்டீரியாவை ஊட்டிய எலிகள், தண்ணீரில் விட்டபோது சீக்கிரம் சோர்ந்து மிதக்காமல் கூடுதல் நேரம் நீந்தின. வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. சேதி எந்த வழியாகப் போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம். அதே குழு அதே பாக்டீரியாவை 29 ஆண்களுக்குக் கொடுத்து 2017இல் முடிவை வெளியிட்டது. மன அழுத்தம் குறையவில்லை. இந்த இரண்டாவது பாதி ஃபார்வர்டுகளில் வருவதே கிடையாது!

பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மலத்தைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ் என்ற பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியா குறைந்திருந்தது. ஆனால் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடாததால் பாக்டீரியா குறைந்ததா, அது குறைந்ததால் சோர்ந்தாரா என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பு பிரித்துக் காட்டாது.

சரி, கூழுக்கு வருவோம். இட்லி மாவில் கோடிக்கணக்கான பாக்டீரியா புளித்துப் பொங்கினாலும், இட்லிப் பானை ஆவியில் அத்தனையும் செத்துவிடும். களியாகக் கிண்டி ஆறவைத்து, மறுபடி புளிக்கவிட்டு, மோர் ஊற்றிக் கரைக்கும் கூழில் உயிருள்ளவை இருக்கும். பழைய சோற்றிலும் அப்படியே. வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. பழைய சோற்றை நம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையே ஆய்வுக்கு எடுத்தது. அங்கே கேள்வி குடல் நோய்களைப் பற்றியது, மனநோயைப் பற்றியதல்ல. புளித்த உணவால் குடல் பாக்டீரியாவின் வகைகள் பெருகி, சைட்டோகைன் போன்ற அழற்சிப் புரதங்கள் குறைந்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021இல் பத்து வாரச் சோதனையில் காட்டியது. அவர்கள் கொடுத்தது தயிர், கிம்ச்சி என்ற கொரியப் புளித்த காய்கறி போன்றவை; கூழ் அல்ல.

ஆக, கூழைத் தாராளமாகக் குடிக்கலாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் கருவாட்டில் மட்டும் கைவைக்காமல். மெடிக்கல் ஷாப்பில் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் வாங்குகிறவர்கள், அட்டையில் எந்த ரகம் என்று போட்டிருக்கிறதா பார்க்கவும். ஒரே பெயருள்ள பாக்டீரியாவிலும் ரகத்துக்கு ரகம் குணம் மாறும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்திவிட்டுக் கூழுக்கு மாறக் கூடாது. டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம்.