டி-ரெக்ஸுக்குப் பசியா, கோபமா?

‘ஜுராசிக் பார்க்’ என்ற டைனோசர் படம் 1993 ஜூன் மாதம் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அதன் ரசிகர்கள் ஒரு மிருகத்தின் மனத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மழை இரவில், மின்சாரம் நின்றுபோன வேலியை அறுத்துக்கொண்டு சாலைக்கு வரும் டி-ரெக்ஸ் (டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற ராட்சத வேட்டை டைனோசர்), குழந்தைகள் இருந்த காரை ஏன் புரட்டிப்போட்டது? சற்று முன்புதான் ஓர் ஆட்டை விழுங்கியிருந்ததே, பிறகு வக்கீலை ஏன் தின்றது? மூக்குக்கு எதிரே சிலையாக நின்ற தொல்லுயிரியலாளர் டாக்டர் கிராண்டை ஏன் விட்டுவிட்டது? கடைசியில் ராப்டர்கள் என்ற சிறிய வேட்டை டைனோசர்களிடம் சிக்கிய நால்வரையும் வேண்டுமென்றே காப்பாற்றியதா?

விடைகளுக்குக் குறைவில்லை. வெறும் பசி என்று ஒரு கட்சி. அடைத்துவைத்தவர்கள் மீது வஞ்சம் என்று இன்னொரு கட்சி. எல்லையைக் காத்தது, விளையாடியது, தவளை மரபணு கலந்ததால் கண் மங்கிவிட்டது என்று மேலும் பல. படம் பார்த்துவிட்டு இப்படி வாதாடுவதை வெட்டி வேலை என்று நான் நினைக்கவில்லை. விலங்கு நடத்தையியல் என்ற துறையே இதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் ரசிகர்களின் ஊகங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இடறுகின்றன. பசித்தால் வேட்டையாடும், வேட்டையாடும்போது கோபமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகின்றன. மூளையில் பசிக்கும் வேட்டைக்கும் சண்டைக்கும் தனித்தனி நரம்புச் சுற்றுகள் உண்டு. அவை வெளியே காட்டும் அடையாளங்களும் வேறு வேறு.

இதற்கான முதல் தடயம் பூனைகளிடம் கிடைத்தது. சூரிச் நகரில் பணியாற்றிய வால்டர் ஹெஸ், பூனையின் மூளையில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதிக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்திச் சற்றே மின்சாரம் பாய்ச்சினார். உடனே அந்தப் பூனை முதுகை வளைத்து, மயிரைச் சிலிர்த்து, சீறிப் பாய்ந்தது. மூளையின் இந்தப் பகுதி குறித்த ஆய்வுகளுக்காக 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின் குழுவினர் அதை மேலும் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஹைபோதலாமஸின் நடுப்பகுதியைத் தூண்டினால் சீற்றமும் கூச்சலும் நகவீச்சும் வந்தன. பக்கவாட்டுப் பகுதியைத் தூண்டினால் வேறொரு பூனை தெரிந்தது. சத்தமே இல்லை, உடம்பைத் தாழ்த்தி நெருங்கி, எலியின் பிடரியில் நேராகக் கடித்தது. முன்னதைச் சினத் தாக்குதல் என்றும் பின்னதை மௌனக் கடி என்றும் சொல்லலாம். வேட்டையாடும் பூனை எலியின் மீது கோபப்படுவதில்லை.

இந்த அளவுகோலை வைத்துச் சாலைக் காட்சியைப் பாருங்கள். வேலியைத் தாண்டி வந்த டி-ரெக்ஸ் முதலில் செய்வது என்ன? இரண்டு கார்களுக்கும் நடுவே நின்று தலையைத் தூக்கி முழங்குகிறது. இரையைப் பிடிக்கப் போகும் எந்த விலங்கும் தன் வருகையை அப்படிப் பறைசாற்றாது. சிங்கத்தின் கர்ஜனை மற்ற சிங்கங்களுக்கான செய்தி. வரிக்குதிரையை நெருங்கும்போது அது மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளும். ஆகவே அந்த முதல் முழக்கம் பசியின் குரல் அல்ல. ‘இது என் இடம்’ என்ற அறிவிப்பு. எல்லைக் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

அந்த முழக்கமே ஒரு கலவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் யானைக்குட்டி, புலி, அலிகேட்டர் முதலை ஆகியவற்றின் குரல்களைச் சேர்த்து அதை உருவாக்கினார். உண்மையான டி-ரெக்ஸ் வாயைத் திறந்து கர்ஜித்ததா என்பதே ஐயம். முதலைகளும் பல பறவைகளும் வாயை மூடிக்கொண்டு தொண்டையை உப்பவைத்து அடித்தொனியில் உறுமுகின்றன. டைனோசர்களுக்கு ஒருபுறம் உறவு முதலை, மறுபுறம் வாரிசு பறவை. இரண்டிடமும் இருக்கும் ஒரு பண்பு நடுவில் இருந்த டைனோசரிடமும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மறைந்துபோன விலங்கின் நடத்தையைப் பற்றித் தொல்லுயிரியலாளர்கள் ஊகிக்கும் முறையே இதுதான். ஹைபோதலாமஸ் எல்லா முதுகெலும்பிகளுக்கும் உண்டு என்பதால்தான் பூனை ஆய்வை டி-ரெக்ஸ் வரை இழுக்கும் துணிச்சல் எனக்கு வருகிறது.

அடுத்து ஆடு. ‘வயிறு நிறைந்த பிறகு அது ஏன் மனிதர்களைத் தாக்க வேண்டும்?’ என்ற கேள்வியை ரசிகர்கள் கதையின் ஓட்டையாகவே பார்க்கிறார்கள். அது ஓட்டை அல்ல. ராபர்ட் ஆடமெக் என்ற ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட சோதனையில், விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளுக்கு எதிரே எலி விடப்பட்டது. பூனைகள் தட்டிலிருந்து எழுந்து போய் எலியைக் கொன்றன. பிறகு திரும்பி வந்து பழைய உணவையே தொடர்ந்தன. பசி வேட்டையைத் தூண்டலாம், ஆனால் பசி தீர்ந்தால் வேட்டை நின்றுவிடும் என்று இல்லை. இயற்கையில் இதற்குக் காரணமும் இருக்கிறது. பெரும்பாலான துரத்தல்கள் தோல்வியில் முடிகின்றன. வயிறு காலியாகும் வரை காத்திருந்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பும் விலங்கு, கிடைத்த வாய்ப்பைத் தவறவிட்டுப் பட்டினி கிடக்கும்.

ஹான்ஸ் குரூக் 1972இல் இதன் கடைக்கோடியைப் பதிவு செய்தார். இங்கிலாந்தின் கடலோரத்தில் நரிகள் இருண்ட இரவுகளில் கடற்காகங்களைக் கூட்டமாகக் கொன்று, தின்னாமல் விட்டுப்போயின. ஆப்பிரிக்காவில் கழுதைப்புலிகள் மான்களை அதேபோல் கொன்று குவித்தன. இரை ஓடவில்லை, இருட்டில் தடுமாறி நின்றது. கொல்லும் சுற்றை நிறுத்த எதுவும் இல்லாததால் அது மீண்டும் மீண்டும் இயங்கியது. 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்தின் கலப்பின டைனோசர் விளையாட்டுக்காகக் கொல்கிறது என்று ஒரு பாத்திரம் சொல்லும்போது ரசிகர்கள் அதற்குள் கொடூர மனத்தைத் தேடினார்கள். குரூக்கின் நரிகளுக்கு அப்படியொரு மனம் தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்த தடயம் கார் டயர். புரண்டு கிடக்கும் காரின் டயரை டி-ரெக்ஸ் கடித்து இழுக்கும் அந்தச் சில நொடிகளைப் பலரும் வெறும் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 2017இல் நடந்த ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. எலிகளின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் மையத்தை லேசர் ஒளியால் தூண்டினார்கள். விளக்கு எரிந்த கணமே எலிகள் எதிரே கிடந்த மரக்குச்சியையும் பாட்டில் மூடியையும் பாய்ந்து கவ்விக் கடித்தன. விளக்கு அணைந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் விலகிப் போயின. அதே கூண்டில் இருந்த மற்ற எலிகளை அவை தாக்கவில்லை. அதாவது இது சண்டை அல்ல. துரத்துவதற்கு ஒரு நரம்பு வழி, கடிப்பதற்கு வேறொரு வழி என்பதும் அதில் தெரிந்தது. அசைந்து, ஒலியெழுப்பி, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டிருந்த ஓர் இரும்புப் பெட்டி ஒரு வேட்டை விலங்கின் வாயைத் திறக்கவைக்க, அதற்குள் இறைச்சி இருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டுக் கட்சியும் முழுக்கத் தோற்றுவிடவில்லை. வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சி சாலையில் இருந்த கிராக்கன் என்ற கொமோடோ உடும்பு, காலணிகளையும் வாளியையும் வாயில் கவ்வித் திரிந்தது. பராமரிப்பாளரின் பையிலிருந்து பொருள்களை மெல்ல உருவியது. அதை ஆராய்ந்த கோர்டன் பர்கார்ட், உணவைக் கையாளும் விதத்திலிருந்து இது வேறுபட்டது என்று காட்டினார். முதலைகள் மிதக்கும் பொருள்களோடு விளையாடுவதும் பதிவாகியிருக்கிறது. இருந்தாலும் விளையாட்டு என்றால் நிதானமும் திரும்பத் திரும்பச் செய்வதும் இருக்க வேண்டும். காரை மிதித்து நசுக்கும்போது அந்த நிதானம் எங்கே?

இனி கண். அசையாமல் நின்றால் டி-ரெக்ஸுக்குத் தெரியாது என்பது இந்தப் படம் உலகுக்குக் கொடுத்த மிகப் பிடிவாதமான தவறு. இதைக் காப்பாற்றத்தான் ரசிகர்கள் தவளைக் கொள்கையைக் கண்டுபிடித்தார்கள். படத்தின் கதைப்படி டைனோசர் மரபணுவின் இடைவெளிகளைத் தவளை மரபணுவால் நிரப்பினார்கள் அல்லவா? தவளைக் கண்ணும் கூடவே வந்துவிட்டது என்பது வாதம். தவளையைப் பற்றிய பாதி உண்மைதான். 1959இல் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் நால்வரும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை, அசையாத பூச்சிகள் சுற்றிக் கிடந்தாலும் தவளை பட்டினியால் சாகும் என்று சொன்னது. ஆனால் கதைக்குள்ளேயே இந்தக் கொள்கை உடைகிறது. தீவுக்குப் போவதற்கு முன்பே, மொண்டானா அகழ்வுக் களத்தில் ஒரு சிறுவனை மிரட்டும்போது, டி-ரெக்ஸின் பார்வை அசைவை நம்பியது என்று கிராண்ட் சொல்லிவிடுகிறார். அப்போது அவருக்குத் தவளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உண்மையான டி-ரெக்ஸின் கண்கள் முன்னோக்கி இருந்தவை. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் ஸ்டீவன்ஸ் 2006இல் தலை மாதிரிகளை வைத்து அளந்தபோது, இரு கண்களின் பார்வையும் ஒன்றின்மேல் ஒன்று படியும் பரப்பு சுமார் 55 பாகை வந்தது. பருந்துகளை விட அதிகம். தூரத்தைக் கணிக்க இது பேருதவி. மூக்கும் சளைத்ததல்ல. டார்லா செலெனிட்ஸ்கி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் வாசனையைக் கையாளும் பகுதி அதன் உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாக இருந்தது. தொப்பி பறக்கும்படி முகத்தில் மூச்சுவிடும் தூரத்தில் கிராண்ட் நின்றார். தெரியாமல் இருக்க வழியே இல்லை. மூல நாவலை எழுதிய மைக்கேல் கிரைட்டனே 1995இல் எழுதிய தொடர்ச்சியில் இந்தக் கருத்தைக் கைகழுவிவிட்டார்.

அப்படியானால் கிராண்ட் பிழைத்தது எப்படி? தெரிவது வேறு, தூண்டப்படுவது வேறு. துரத்தும் சுற்றை இயக்குவது பெரும்பாலும் ஓடும் இரைதான். சிவப்புச் சுடரைக் கையில் ஏந்தி ஓடிய கணித நிபுணர் மால்கமை டி-ரெக்ஸ் துரத்தியது. ஓடாதவர் எதிரே அது முகர்ந்து நின்றது. இது வெறும் கற்பனைச் சமாதானம் அல்ல. அமெரிக்காவில் 1975இல் வெளியான ஒரு சோதனையில், செந்நரிகள் பிடித்த 50 வாத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை செத்ததுபோல் கிடந்து, முதல் பிடியில் உயிர் பிழைத்தன. நரிகளுக்கு அவை நன்றாகவே தெரிந்தன, வாயிலேயே இருந்தன. துடிப்பு நின்றதும் கடியும் தளர்ந்தது. எல்லா முறையும் இது பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பலிக்காத வாத்துகள் அந்த ஐம்பதில் நிறைய.

புதைபடிவங்கள் இந்த வழக்கில் செயல்களுக்குத்தான் சாட்சி சொல்லும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த, எட்மண்டோசாரஸ் என்ற தாவர உண்ணி டைனோசரின் வால் எலும்புகளுக்கு இடையே டி-ரெக்ஸ் பல் சிக்கியிருந்ததை 2013இல் அறிவித்தார்கள். பல்லைச் சுற்றி எலும்பு வளர்ந்து ஆறியிருந்தது. அதாவது உயிருள்ள விலங்கைத் தாக்கியது, அது தப்பியது. டி-ரெக்ஸ் பிணந்தின்னி என்று நெடுங்காலம் வாதாடிய ஜாக் ஹார்னர்தான் இந்தப் படத்துக்கு அறிவியல் ஆலோசகர் என்பது நல்ல வேடிக்கை. டைரனோசாரஸ் குடும்பத்தின் மண்டையோடுகளில் தம் இனத்தவரே கடித்த தழும்புகளும் உண்டு. குட்டிகளிடம் அவை இல்லை, வளர வளரத்தான் சேர்கின்றன. இரைக்காக அல்லாமல் போட்டிக்காகவும் அவை கடித்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அந்தப் போட்டிதான் இறுதிக் காட்சிக்கான திறவுகோல். ராப்டர் பாயும் கணத்தில் டி-ரெக்ஸ் அதை அந்தரத்தில் கவ்வுகிறது, மனிதர்கள் தப்புகிறார்கள். காப்பாற்றும் எண்ணம் என்று சொல்வதற்கு அதன் நடத்தையில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் பெரிய வேட்டை விலங்கு சிறிய வேட்டை விலங்கைக் கொல்வது உலகெங்கும் நடக்கிறது. சிங்கங்கள் சிவிங்கிப்புலிக் குட்டிகளைக் கொல்கின்றன. இந்தியக் காடுகளில் புலி, சிறுத்தையைக் கொல்கிறது. அதனால் புலி நடமாடும் இடத்தில் சிறுத்தை ஒதுங்கியே வாழ்கிறது. கொன்ற உடலைப் பல நேரங்களில் தின்னாமல் விட்டுவிடுகின்றன. ஒரே இரையைத் தேடும் போட்டியாளர் ஒன்று குறைந்தால் அதுவே லாபம்.

இந்த முடிவு முதலில் திரைக்கதையில் இல்லை. நாயகன் டி-ரெக்ஸ்தான் என்று உணர்ந்த இயக்குநர் ஸ்பீல்பெர்க், படப்பிடிப்பின்போது அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அவசரத்தில் ஒரு பிசகும் நேர்ந்தது என்று ரசிகர்கள் கிண்டல் செய்வார்கள்: முன்பு டி-ரெக்ஸ் வரும்போதெல்லாம் குவளைத் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்தது (காருக்கு அடியில் கிட்டார் கம்பியை மீட்டி அதைப் படமாக்கினார்கள்). கட்டடத்துக்குள் நுழைந்தபோது மட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை. பூனை ஆய்வுகளைப் படித்தபின் எனக்கு அது பிசகாகத் தோன்றவில்லை. ஓசையின்றி வந்தது, நேராகக் கடித்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் முழங்கியது. வேட்டைச் சுற்று முதலில், அறிவிப்பு பிறகு. சாலைக் காட்சியை விட இதுதான் நடத்தையியலுக்கு நெருக்கமான காட்சி. பசியா போட்டியா என்பதைத் தீர்க்க இன்னும் ஒரே ஒரு தடயம் போதும்: கொன்ற ராப்டர்களை அது தின்றதா? அதைக் காட்டுவதற்குள் கேமரா ஹெலிகாப்டருக்குப் போய்விடுகிறது.