கை அசையாதபோதும் மூளை அசைக்கிறது

வலது கையால் எழுதிப் பழகியவர் ஒருவர், விரலைக்கூட அசைக்காமல் மனதுக்குள் தன் பெயரை எழுதிப் பார்க்கட்டும். பிறகு அதையே இடது கையால் எழுதுவதாக நினைக்கட்டும். இரண்டாவது முறை கூடுதல் நேரம் பிடிக்கும். பழகாத கை கற்பனையிலும் மெதுவாகத்தான் எழுதுகிறது! 1980களின் இறுதியில் பிரான்சின் லியோன் நகரில் நரம்பியல் ஆய்வாளர் மார்க் ஜானெரோவின் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். எழுதவும் நடக்கவும் உண்மையில் ஆகும் நேரமும் கற்பனையில் ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பார்க்கின்சன் நோயால் அசைவு மந்தப்பட்டவர்களுக்குக் கற்பனை அசைவும் மந்தமாகிவிடுகிறது.

மனதுக்குள் ஓடுவது படம் மட்டும் என்றால் வேண்டிய வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாமே. ஓடுவது அசைவுக்கான திட்டம். கையைத் தூக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளான, அசைவைத் திட்டமிடும் துணை இயக்கப் பகுதி, மூளையின் மேல் பின்பக்கத்தில் உள்ள உச்சி மடல், சிறுமூளை ஆகியவை தூக்குவதாக நினைக்கும்போதும் வேலை செய்கின்றன. தசைக்குக் கட்டளை அனுப்பும் முதன்மை இயக்கப் புறணி மட்டும் அடங்கியே இருக்கிறது. அடங்கி இருக்கிறதே தவிர, தூங்கவில்லை. ஒருவர் விரலை மடக்குவதாக நினைக்கும் நேரத்தில் அந்தப் புறணியைக் காந்தத் துடிப்பால் தூண்டினால், அதே விரலின் தசை வழக்கத்தைவிட வலுவாகத் துடிக்கிறது. கட்டளை வாசல்வரை வந்து நிற்கிறது.

அதை யாரோ பிடித்து நிறுத்தவும் வேண்டும். இந்தத் தடையை நாம் உணர்வதே இல்லை. அது பழுதானால்தான் தெரியவருகிறது. இருபக்க உச்சி மடல்களும் சேதமடைந்த ஒருவரைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. கையை அசைப்பதாகக் கற்பனை மட்டும் செய்யச் சொன்னால் அவர் கை நிஜமாகவே அசைந்தது. அசைவதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

கற்பனையில் கிடைக்காத ஒன்று உண்டு. உண்மையில் அசையும்போது தசையும் மூட்டும் உடனுக்குடன் தகவல் அனுப்புகின்றன. மூளை தான் எதிர்பார்த்ததோடு அதை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. கற்பனையில் எதிர்பார்ப்பு மட்டுமே இருக்கிறது. 1995இல் வெளியான பியானோ ஆய்வில், 5 நாள் மனதுக்குள் மட்டும் வாசித்தவர்கள், விரலால் வாசித்தவர்கள் 3ஆம் நாளில் எட்டிய நிலையைத்தான் எட்டினார்கள். ஆனால் ஒரே ஒருமுறை, 2 மணி நேரம், விரலால் பயிற்சி செய்ததும் மற்றவர்களின் 5ஆம் நாள் நிலையைப் பிடித்துவிட்டார்கள். திட்டம் தயாராக இருந்தது, திருத்தம்தான் பாக்கி.

என்னை மிகவும் நெகிழ வைப்பது நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் 2006இல் வெளியிட்ட ஆய்வு. விபத்துக்குப் பின் சுயநினைவு இல்லை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், எம்.ஆர்.ஐ. கருவிக்குள், டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார்கள். உடல் அசையவில்லை. துணை இயக்கப் பகுதியோ, நலமாக இருப்பவர்களுக்கு இயங்குவதைப் போலவே இயங்கியது. 2010இல் அதே நிலையில் இருந்த ஓர் இளைஞரிடம், 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் தன் வீட்டுக்குள் நடப்பது என்று நினைக்கச் சொல்லிவைத்து, தந்தையின் பெயர் இதுதானா என்பது போன்ற 6 கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு கற்பனைகளுக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் இயங்குவதால் பதிலைப் பிரித்தறிய முடிந்தது. ஐந்துக்குச் சரியான பதில் வந்தது.