மொட்டை மாடியில் சோறு விளையுமா?

எங்கள் மொட்டை மாடி 600 சதுர அடி. நாலு வருடமாக அங்கே தோட்டம் போடுகிறேன். மாடி ஏறி வருகிற எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "அப்போ இனிமே கடைக்கே போக வேண்டாம்!" சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயில், ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சாப்பாட்டுக் கணக்கில் 4,300 கிலோகலோரி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 2,000 சொச்சம்தான். அப்படியானால் பாய் விரிக்கிற இடத்தில் விழும் வெயிலே நாலு பேருக்குக் காணும்!

ஆனால் அந்த வெயிலில் பாதிக்கு மேல் ஒளிச்சேர்க்கைக்கு உதவாத கதிர்கள், பெரும்பாலும் அகச்சிவப்பு. மிச்சத்திலும் கொஞ்சம் இலையில் பட்டுத் திரும்பிவிடும். நாற்று சின்னதாக இருக்கும் முதல் மாதத்தில் வெயில் முக்கால்வாசி மண்ணில்தான் காய்கிறது. தயாரித்த மாவுச்சத்திலும் ஒரு பங்கைச் செடியே சுவாசித்துச் செலவழித்துவிடும். அப்புறம் வேர், தண்டு, வைக்கோல், உமி. இத்தனையும் போக, நல்ல வயலில் ஒரு போகத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் அரிசி தேறும். அதாவது 1,050 கிலோகலோரி. நாலு மாதம் கொட்டிய வெயிலில் இது வெறும் 0.2 சதவீதம்.

என் மாடி 56 சதுர மீட்டர். மூலைக்கு மூலை நெல் நட்டாலும் 17 கிலோ அரிசி. ஒரே ஒரு ஆளுக்கு ஒரு மாதம் ஓடாது. தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, கைப்பிடிச் சுவரின் நிழல் எதையும் கழிக்காமலே இந்த நிலைமை. மரவள்ளி போட்டால் இதைவிட அதிகமாகக் கிடைக்கும். கிழங்கு மண்ணுக்குள் படுத்திருப்பதால் அதைத் தாங்கிப் பிடிக்கச் செடி தண்டில் அதிகம் செலவழிப்பதில்லை. ஆனால் பத்து மாதம் காத்திருக்க வேண்டும்.

கீரை வேறு கதை. விதைத்து 25 நாளில் பறிக்கலாம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், வயிறு நிறையாது. ஆனால் இரும்பும் வைட்டமின்களும் அதில் உண்டு. பறித்த நிமிடத்திலிருந்து வாடத் தொடங்குகிற பொருளுக்கு அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் விளைவதைவிட வேறென்ன வேண்டும்?

தக்காளியிடம்தான் நான் தோற்றேன். முதல் வருடம் மே மாதம் செடி நிறையப் பூ. காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் தரையில், காம்பின் முட்டியில் கத்தரித்தது போல. உரம் போதவில்லை என்றார்கள், போட்டேன், இலைதான் தழைத்தது. தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசலும் தெளித்தேன். கோளாறு உரத்தில் இல்லை, ராத்திரியில் இருந்தது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. கருவுறாத பூவுக்குச் செடி சத்து அனுப்புவதில்லை. காம்பிலேயே ஒரு பிரிவடுக்கு உண்டாக்கி உதிர்த்துவிடுகிறது. காங்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை விடிய விடியக் கக்குகிற மாடியில் மே மாத இரவு எப்படிக் குளிரும்?

இப்போதெல்லாம் மார்ச் பிறந்ததும் தக்காளிப் பைகளைக் காலி செய்து வெண்டை ஊன்றிவிடுகிறேன். அது இந்தச் சூட்டுக்கு அசருவதில்லை. ரசத்துக்குத் தக்காளி கடையில்தான்.