தோல் பைக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் என் பட்டறைக்குப் புது ஆர்டர்களைவிடப் பழைய பைகள்தான் அதிகம் வருகின்றன. கொண்டு வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரொம்பப் பத்திரமா வச்சிருந்தேன், எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியல."

போன வாரம் வந்த பை நானே தைத்துக் கொடுத்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட எருமைத் தோல், தேன் நிறம். வாங்கியவர் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துப்போய்விட்டு, தூசி படக்கூடாது என்று பாலிதீன் கவரில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார். மழை வந்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டிருக்கிறார். விறைத்துப் போயிற்று. விறைப்பு போகட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார். என்னிடம் வந்தபோது முன்பக்க மூடி முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. "அக்கா, பழையபடி ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். முடியாது. மூடியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கறையோடு வைத்திருந்தவர். அந்த அக்கறைதான் பையைக் கெடுத்தது என்பதுதான் தாங்க முடியவில்லை. அதனால் இந்த எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய், பெல்ட் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் என்று வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் செருப்பும் வண்டி மாட்டு வாரும் தடித்த தோல். மேல் பூச்சு எதுவும் கிடையாது. தினமும் சேற்றிலும் வியர்வையிலும் ஊறிக் காய்ந்து, உள்ளே இருந்த கொழுப்பையெல்லாம் இழந்தவை. அவற்றுக்கு எண்ணெய் தேவைப்பட்டது. தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகம் போகிற பைக்கு அந்தத் தேவை இல்லை. பதனிடும் இடத்திலேயே நார்களுக்கு நடுவில் தேவையான கொழுப்பை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். அதற்கு மேல் நீங்கள் ஊற்றுகிற எண்ணெய் சமமாகப் பரவாது. நார் நெருக்கமாக இருக்கும் முதுகுத் தோலில் மெல்ல இறங்கும், நார் தளர்ந்த வயிற்றுத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கறுத்துவிடும். ஓரங்களை ஒட்டியிருக்கும் ரப்பர் பசை எண்ணெயில் இளகிவிடும். நாள்பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூஞ்சணத்துக்கு அந்தக் கொழுப்பே தீனி. பூஞ்சணம் பிடித்த பைக்கு எண்ணெய் பூசினால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும் என்பது நமக்குத் தெரியும். தோலுக்குள் போன எண்ணெயும் உறைந்து மேற்பரப்பில் வெள்ளையாகப் படியலாம். அதைப் பூஞ்சணம் என்று நினைத்து மறுபடி ஈரத்துணி, மறுபடி வெயில், மறுபடி எண்ணெய். கட்டைவிரலை அந்த வெள்ளையின் மேல் அழுத்திச் சூடு பறக்கத் தேய்த்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது கொழுப்பு. தூளாக ஈஷி, மக்கல் வாடை வந்தால் பூஞ்சணம்.

நல்ல தோல் கெட்டே போகாது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குரோமியத்தில் பதனிடுகிற வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். பட்டையில் பதனிட்டால் வாரக்கணக்கில் ஆகும். எப்படிப் பதனிட்டாலும் அது நார்தான், காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். பாலிதீனுக்குள் வாங்கின ஈரத்தை விட வழியில்லை. ஈரத்தோடு கடும் வெயிலில் போட்டாலோ ஹேர் டிரையரைக் காட்டினாலோ நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று இறுகிவிடும். பட்டையில் பதனிட்ட தோலுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறுகியதைத் திரும்பப் பிரிக்க யாராலும் முடியாது.

ஒரு பைக்காகத் தோல் மண்டிக்குப் போனால் சென்னைப் பெரியமேட்டில் அரை நாள் போய்விடும். தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணிக் கடியும் முள் கீறலும் எங்கே இருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்த்து, எது முன்பக்கம், எது அடிப்பக்கம் என்று அங்கேயே மனதுக்குள் வெட்டிவிடுவேன். அப்புறம் குத்தூசியால் துளையிட்டு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பது. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. பல வருடம் உழைக்க வேண்டும் என்றுதான் இத்தனையும். அதை ஒரு பாலிதீன் கவர் ஒரே மழையில் முடித்துவிடுகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு வையுங்கள். உள்ளே எழுத்தில்லாத வெள்ளைத் தாளையோ துணியையோ அடைத்தால் வடிவம் குலையாது. சிலிக்கா ஜெல் போட்டால் அவ்வப்போது மாற்றுங்கள், ஈரம் குடித்து நிறைந்த பிறகு அது சும்மா கிடக்கும். முக்கியமாக, பையை எடுத்துப் பயன்படுத்துங்கள்! மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து ஃபேன் காற்றில் வைக்கக் கூடாதா?

நனைந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஓரிடத்தில் மட்டும் நீர் பட்டுத் திட்டு விழும் போலிருந்தால், அந்தப் பக்கம் முழுவதையும் ஈரத்துணியால் சமமாக ஒரு முறை துடைத்துவிடுங்கள், விளிம்புக் கறை தெரியாது. பிறகு நிழலில், காற்றோட்டத்தில். அடுப்பு, ஹேர் டிரையர், கார் டேஷ்போர்டு எதுவும் வேண்டாம். சானிடைசரும் சென்ட்டும் பையின் மேல் படக் கூடாது, சாயத்தைக் கிளப்பிவிடும். பட்டையில் பதனிட்ட தோலில் ஈரச் சாவியையோ ஊக்கையோ ஒட்டி வைக்காதீர்கள். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தார்களே, அதே வேலைதான் இங்கும் நடக்கும். நீலக் கறுப்பாகக் கறை விழும்.

பூஞ்சணம் வந்தேவிட்டால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் லேசாக நனைத்துத் துடைக்கலாம். அதற்கு முன் கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள், சாயம் துணியில் ஏறினால் நிறுத்திவிடுங்கள். மற்ற தோல் சாமான்களிலிருந்து அந்தப் பையைத் தள்ளி வையுங்கள்.

மேல் பூச்சு தாள் தாளாக உரிகிற பைகளையும் கொண்டு வருகிறீர்கள். அது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பூச்சு. காற்றிலிருக்கும் ஈரமே அதைச் சிதைத்துவிடும், பீரோவில் சும்மா இருந்தாலும் உரியும். அதற்கு ரிப்பேர் கிடையாது, தயவுசெய்து அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

உண்மையான தோல் பை என்றால், கறை விழுந்த அன்றே, எதையும் பூசாமல் அப்படியே தைப்பவரிடம் கொண்டு போங்கள். ஏற்கெனவே எண்ணெயோ ஷூ பாலிஷோ பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டோம். என்ன பூசியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை முதலில் எடுப்பது என்று எங்களால் முடிவு செய்ய முடியும்.