சாட்சி மாற்றிச் சொன்னால் தண்டனை நிலைக்குமா?

"சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசியிருக்கிறார், பிறகு எப்படித் தண்டனை?" தீர்ப்பைக் கேட்ட குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் எல்லா முரணும் விடுதலை வாங்கித் தராது.

சம்பவம் எட்டு மணிக்கா எட்டரைக்கா, அடி விழுந்தது தோளிலா முதுகிலா என்பது போன்ற வேறுபாடுகளை இந்திய நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறுகிறவருக்கு மறதி இயல்பு. எல்லாச் சாட்சிகளும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோலச் சொன்னால்தான், சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்களோ என்ற ஐயம் வரும். ஆனால் "இருட்டில் ஆள் அடையாளம் தெரியவில்லை" என்று போலீஸாரிடம் சொன்னவர், நீதிமன்றத்தில் "இவர்தான் வெட்டினார்" என்று கைகாட்டினால் வழக்கின் ஆணிவேரே ஆடிப்போகிறது. வேறு நம்பகமான சான்று இல்லையென்றால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேர வேண்டும்.

சென்னை மாநிலத்திலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாக வகுத்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இடைப்பட்டவர். முதல் வகை என்றால் ஒருவரே போதும். இடைப்பட்டவர் என்றால் வேறு சான்று துணை நிற்க வேண்டும். ஒன்றில் பொய் சொன்னவர் சொன்னதெல்லாம் பொய் என்ற விதி இங்கே இல்லை.

பல வழக்குகள் கைநழுவும் இடம் வேறு. போலீஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் தானாகச் சாட்சியம் ஆகிவிடாது. குறுக்கு விசாரணையில் முரண்படும் வரிகளைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 148-ஆவது பிரிவு சொல்வது இது. சாட்சி மறுத்தால், வாக்குமூலத்தைப் பதிவுசெய்த புலனாய்வு அதிகாரி மூலம் அதை நிரூபிக்க வேண்டும். முக்கியமான ஒன்றைப் போலீஸாரிடம் சொல்லாமல் விட்டதும்கூட முரணாகலாம். இதையெல்லாம் விசாரணை நீதிமன்றத்தில் செய்யாமல், மேல்முறையீட்டில் அந்தத் தாளை நீட்டினால் அநேகமாகப் பயன் இருக்காது. வழக்கு நடக்கும்போதே வழக்கறிஞரிடம் இதை வற்புறுத்திக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 427-ஆவது பிரிவின்படி தண்டனையை ரத்துசெய்து விடுவிக்கலாம், மறுவிசாரணைக்கும் உத்தரவிடலாம். நடுவர் (மாஜிஸ்திரேட்) தீர்ப்பை எதிர்த்து அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம் செல்ல 30 நாள்; அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகல் உடனே, இலவசமாகத் தரப்பட வேண்டும்.

சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடுமாறும் தனி மனு போடலாம்.