தொண்டை கம்முவது ஏன்? குரல்வளைக்குள் நடக்கும் கணக்கு

ஜூனில் பள்ளி திறந்து சில வாரங்களில் குரல் கம்மிய ஆசிரியர்கள் சிகிச்சைக்கு வரத் தொடங்குவார்கள். தை பிறந்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் முடிந்ததும் வர்ணனையாளர்கள். மாட்டுத்தாவணியில் பூ ஏலம் கூறுகிறவர்களுக்கும், ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடும் கண்டக்டர்களுக்கும் பருவமே கிடையாது. பெரும்பாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தொண்டை கட்டிருச்சு, தானாச் சரியாப் போயிரும்னு விட்டுட்டேன்." சில நேரம் சரியாகும். எப்போது ஆகாது என்பதைப் புரிந்துகொள்ள, குரல் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கழுத்தின் முன்னால் துருத்தி நிற்கும் குருத்தெலும்புக்குப் பின்னால், முன்னிருந்து பின்னாக இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண்கள் என்பது இவைதான். ஆணுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. நீளம், பெண்ணுக்கு ஒன்றரை. மூச்சு விடும்போது முக்கோணமாக விரிந்து கிடக்கும். பேசும்போது நடுவில் சேரும். கீழிருந்து வரும் காற்றின் அழுத்தம் ஏறியதும் மடிப்பின் கீழ் விளிம்பு முதலில் பிரியும், பிறகு மேல் விளிம்பு. கொஞ்சம் காற்று வெளியேறும். மடிப்பின் மீள்தன்மையும், பாயும் காற்றில் அழுத்தம் குறைவதும் சேர்ந்து மறுபடி மூடிவிடும். தசையின் வேலை மடிப்பைச் சேர்ப்பதும் இழுத்துப் பிடிப்பதும்தான். அதிர வைப்பது காற்று. ஒவ்வோர் அதிர்வுக்கும் நரம்பு தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்று 1950-இல் பிரான்சின் ராவுல் ஹுஸ்ஸோன் வாதிட்டார். 1958-இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் முன்வைத்த விளக்கத்துக்குப் பிறகு அந்த வாதம் நிற்கவில்லை.

ஒரு கட்டை சுருதியில் ஆண் ஆதார ஸட்ஜம் பிடித்தால் மடிப்புகள் நொடிக்கு 131 முறை மோதுகின்றன. ஐந்து கட்டையில் பெண் பிடித்தால் 196 முறை. வகுப்பில் குரல் உயர்த்தும் ஆசிரியைக்கு நொடிக்கு 220 என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க இடைவெளி போக மொத்தம் ஒரு மணி நேரம் குரல் ஒலித்தாலே சுமார் 8 லட்சம் மோதல்.

மோதுவது தவறில்லை, மடிப்பு அதற்காகவே அமைந்தது. வெளியே மெல்லிய தோல், அதன் கீழே கூழ் போன்ற ஓர் அடுக்கு, அதற்கும் கீழே தசைநாரும் தசையும். அந்தக் கூழ் அடுக்கு இளகி இருப்பதால்தான் விளிம்பு அலை அலையாக அசைகிறது. மோதலின் வேகம் கூடினால் அடி வாங்குவதும் அதுதான். மடிப்பில் அசையும் பகுதி முன்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு. அதன் நடுப்புள்ளியில் வீச்சு அதிகம். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு காய்ப்பதுபோல, சரியாக அந்த இடத்தில், இரு பக்கமும் எதிரெதிராகச் சிறு முடிச்சு தோன்றுகிறது. முடிச்சு ஒன்றோடொன்று முட்டுவதால் அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி விழும். காற்று ஒழுகும், குரல் கரகரக்கும், மேல் ஸ்தாயி போய்விடும்.

பேச்சுக்குத் தேவையான காற்றழுத்தம் மிகக் குறைவு: தண்ணீர் மட்டத்தை 5 முதல் 10 செ.மீ. உயர்த்தும் அளவு. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை 5 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, 5 நொடி விடாமல் குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். முடிந்தால், சாதாரணப் பேச்சுக்கு வேண்டிய அழுத்தம் உங்கள் நுரையீரலிடம் இருக்கிறது. மடிப்பு அதிர ஆரம்பிக்க 3, 4 செ.மீ. போதும். சளி பிடித்தாலோ, மடிப்பு உலர்ந்தாலோ, வீங்கினாலோ இந்தத் தொடக்க அளவு ஏறிவிடும். அப்போது முக்கிப் பேசுவோம். முக்கினால் மோதல் கூடும். மோதினால் இன்னும் வீங்கும். ஜலதோஷத்தோடு நாள் முழுக்கப் பாடம் எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தச் சுற்றில்தான்.

சத்தத்தைக் கூட்ட அழுத்தம் ஒரு வழி. இன்னொரு வழி மேலே இருக்கிறது. மடிப்பிலிருந்து உதடு வரை ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. குழாய். நாக்கை அசைக்காமல் வைத்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) பக்கம் அது ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். நாக்கும் தாடையும் நகர்ந்தால் இந்த இடங்களும் நகரும். ஆ சொல்லும்போது முதல் இடம் 700 பக்கம் ஏறும், ஈ சொல்லும்போது 300-க்கு இறங்கும். தாடையை இறுக்கிப் பல் இடுக்கில் பேசுகிறவர் இந்த உதவியைத் தானே அடைத்துவிட்டு, குறையைத் தொண்டையில் ஈடுகட்டுகிறார். மைக் இல்லாத காலத்து நாடக மேடைப் பாடகர்களுக்கு மேல் தொண்டையைச் சற்றுக் குறுக்கி 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கணீர் சேர்க்கும் பழக்கம் வாய்த்திருந்தால், கடைசி வரிசை வரை எட்டியதற்கு அதுவே காரணமாக இருக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். சுற்றிலும் ஃபேன், பஸ், ஹாரன் என்றால் நாம் அறியாமலே குரல் ஏறும். 1911-இல் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய விளைவு இது. மன உறுதியால் இதை அடக்குவது கஷ்டம். இடுப்பில் கட்டும் சிறு மைக் செட் வாங்குவது நல்லது. மைக் உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும், நேர் எதிரே வேண்டாம். ப சொன்னால் காற்று முட்டும். 20 செ.மீ. தள்ளி இருந்ததை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் சும்மா கிடைக்கிறது.

ஸ்ட்ராவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2, 3 செ.மீ. ஆழத்தில் வைத்து, ஊ என்று குரல் கொடுத்துக்கொண்டே ஊதுங்கள். 3 செ.மீ. தண்ணீர் 3 செ.மீ. எதிரழுத்தம் தரும், மடிப்புகள் அடித்துக்கொள்ளாமல் மெல்ல அதிரும். முதலில் ஒரே சுருதி, பிறகு கீழிருந்து மேலாக வழுக்கி, பிறகு ஒரு பாட்டு. இரண்டு மூன்று நிமிடம், வகுப்புக்கு முன்னும் பின்னும். குமிழி வந்து குரல் வராவிட்டால் பயனில்லை. கழுத்து நரம்பு புடைத்தால் ஆழத்தைக் குறையுங்கள்.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் பற்றி ஒரு வார்த்தை. விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். இவை தொண்டைக்கு இதம் தரலாம், மடிப்புக்கு மருந்தாகாது. ஜிகர்தண்டா குடித்தால் குரல் போய்விடும் என்ற பயமும் அப்படித்தான். பாலின் பிசுபிசுப்பில் கனைத்துக்கொண்டே இருப்பீர்களே, அந்தக் கனைப்புதான் கெடுதல். கனைப்பு வந்தால் ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள். மடிப்பை நேரடியாக எட்டுவது சுவாசிக்கும் காற்றின் ஈரம் மட்டுமே. ஆவி பிடிப்பதானால் வெறும் வெந்நீர் போதும், தைலம் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குக் கொத்து பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பவருக்கு அமிலம் மேலேறிக் குரல்வளையை உறுத்தலாம். குரல் போனால் கிசுகிசுத்துப் பேசச் சொல்வார்கள். பலர் அதற்கும் தொண்டையை இறுக்குகிறார்கள். மெல்லிய குரலே மேல்.

கத்திய அந்த நொடியிலேயே குரல் போய்விட்டால் மடிப்புக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். வாயே திறக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூச்சில் சத்தம், எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, தைராய்டு அறுவைக்குப் பின் காற்றுக் குரல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மற்றபடி கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காட்ட வேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் இதில் சமரசமே கிடையாது. முடிச்சு என்று தெரிந்தால் பெரும்பாலும் முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், கத்தி இல்லை.

எண்டோஸ்கோப்பி எடுக்கும்போது ஸ்ட்ரோபோஸ்கோப் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நொடிக்கு 200 அசைவைக் கண் பிடிக்காது. அதிர்வின் வேகத்திலிருந்து சற்றே விலகி மின்னும் விளக்கில் அது மெதுவான அலையாகத் தெரியும். சாதாரண விளக்கில் நலமாகத் தோன்றும் மடிப்பு ஓரிடத்தில் விறைத்திருப்பது இதில் பிடிபடலாம். போகும்போது, குரல் நன்றாக இருந்த காலத்து வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஏதாவது போனில் இருந்தால் அழிக்காமல் கொண்டுபோங்கள்.